கோட்டை மிதித்தால் குற்றம், தடையைத் தட்டினால் தப்பில்லை

கே: தடகளம் என்றால் ஓட்டப்பந்தயம்தானே? அதற்கு எதற்கு இத்தனை பதக்கங்கள்? — மன்னார்குடி வாசகர்

ப: ஓட்டம் அதில் ஒரு போர்ஷன்தான். ஒரே காம்பவுண்டுக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிற மாதிரி, 400 மீட்டர் வளையத்தில் ஓடுகிறவர்கள், தடை தாண்டுகிறவர்கள், நடுவில் ஈட்டி, வட்டு, குண்டோடு நிற்கிறவர்கள், ஓரத்தில் மணலில் விழுகிறவர்கள், தெருவுக்குப் போய் மாரத்தான் ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத்துக்கு மட்டும் 48 தங்கம். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு போட்டி புரிய வேண்டுமானால், அதில் எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் கேளுங்கள். நடையில் ஓடக் கூடாது. உயரம் தாண்டும்போது இரண்டு காலால் எம்பக் கூடாது. ஷாட்புட்டில் கையை வீசக் கூடாது. மிச்சம் தானாகப் பிடிபடும்.

கே: ஷாட்புட்டில் ஏன் வீசக் கூடாது? கிரிக்கெட் பந்து மாதிரி வீசினால் இன்னும் தூரம் போகுமே? — திருப்பூர்

ப: குண்டு போகும், கூடவே உங்கள் தோள்மூட்டும் போகும். ஆண்களுக்கான குண்டு 7.26 கிலோ. அதைக் கழுத்தோரம் தாடைக்குக் கீழே ஒட்டி வைத்து, அங்கிருந்து ஒரே கையால் தள்ள வேண்டும். தள்ளும்போது கை தோளுக்குப் பின்னால் போகக் கூடாது. 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் பின்வாக்கில் வழுக்கி வந்து தள்ளுவது ஒரு பாணி, பம்பரமாகச் சுழன்று வந்து தள்ளுவது இன்னொரு பாணி. அமெரிக்காவின் ரயன் கிரவுசர் 2023ல் 23.56 மீட்டர் தள்ளியது சுழல் பாணியில். தள்ளி முடித்த குஷியில் வட்டத்தின் முன்பக்கமாக நடந்து வெளியேறினால் அந்த முயற்சி செல்லாது. பின்பாதி வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

கே: துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு கிளம்பியவரைக்கூட ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று அனுப்பிவிட்டார்களாமே? — விருதுநகர்

ப: நடந்தது. 2022ல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலகப் போட்டி, 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச்சுற்று. உள்ளூர்க்காரர் டெவன் ஆலன், சத்தம் வந்து 0.099 நொடியில் நகர்ந்துவிட்டார். சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், மூளை காலுக்குச் சொல்ல எப்படியும் 0.1 நொடி ஆகும், அதற்குள் கிளம்பியவர் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பியிருக்கிறார் என்பது விதி. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்காக வெளியே போனார். 2010லிருந்து முதல் தவறுக்கே மன்னிப்பு கிடையாது. அடுத்த ஆண்டு தென் கொரியாவின் தெகுவில் உசேன் போல்ட்டையே 100 மீட்டர் இறுதிச்சுற்றிலிருந்து அனுப்பினார்கள். போல்ட் விஷயத்தில் சந்தேகமே இல்லை, சத்தத்துக்கு முன்பே பாய்ந்துவிட்டார். ஆலன் விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. 0.1 என்பது இயற்கை போட்ட கோடல்ல, வசதிக்காக மனிதர்கள் போட்டது.

கே: போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அப்படி நாலு போல்ட் ஓடினால்கூட 38.32 ஆக வேண்டும். ஜமைக்கா 4x100 ரிலேயை 36.84ல் முடித்தது எப்படி? கணக்கு இடிக்கிறதே! — ஒரு கணக்கு வாத்தியார், பட்டுக்கோட்டை

ப: பெருக்கல் சரிதான் சார், ஆனால் போல்ட்டின் 9.58ல் நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்கிற நேரமும் சேர்ந்திருக்கிறது. ரிலேயில் அந்தச் செலவு முதல் ஆளுக்கு மட்டும்தான். மற்ற மூவரும் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குகிறார்கள். அதற்கென்று 30 மீட்டர் எல்லை உண்டு. அதற்குள் கைமாற வேண்டும், ஒரு அங்குலம் தாண்டினாலும் அணி அவுட். பார்க்க வேண்டியது ஓடுபவரின் கால் எங்கே இருக்கிறது என்றல்ல, பேட்டன் எங்கே இருக்கிறது என்று. அதனால்தான் நாலு வேகக்காரர்கள் இருந்தும் அமெரிக்க ஆண்கள் அணி இதில் அடிக்கடி கோட்டை விடுகிறது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு ஓட, முன்பின் தெரியாதவர்களால் முடியாது.

4x400 வேறு ஜாதி. அங்கே களைத்து வருகிறவரிடமிருந்து பார்த்து வாங்க வேண்டும். 2023ல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், நம்ம ஊர் ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி, அன்றைய ஆசிய சாதனையோடு இறுதிச்சுற்றுக்குப் போனார்கள். அந்தத் தகுதிச்சுற்றில் அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா. கடைசி நூறு மீட்டரை ராஜேஷ் ஓடியதைத் தேடிப் பாருங்கள், வாத்தியாராக இருந்தாலும் விசில் அடிப்பீர்கள்.

கே: பேட்டன் கீழே விழுந்தால்? — ஆத்தூர்

ப: தவறவிட்டவரே எடுக்க வேண்டும். பழி போட நேரமில்லை.

கே: 400 மீட்டரில் வெளிப்பக்கம் நிற்பவரை மட்டும் ரொம்ப முன்னால் நிறுத்துகிறார்களே, ஒதுக்கீடா? — நாகர்கோவில்

ப: அவர் வட்டம் பெரிசு. ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர் அகலம். எட்டாவது லேன்காரர் கோட்டிலிருந்தே கிளம்பினால் 453 மீட்டர் ஓடிக்கொண்டிருப்பார். அந்த 53 மீட்டரைத்தான் முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். இதில் இன்னொரு சிக்கல்: துப்பாக்கி உள்ளே வெடித்தால் 53 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் ஏறக்குறைய 0.15 நொடி பிந்திப் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு ஸ்பீக்கர். எட்டாவது லேனில் ஓடுபவர் கண்ணுக்கு யாருமே தெரிய மாட்டார்கள், அதனால் அது ராசியில்லாத லேன் என்பார்கள். 2016 ரியோவில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் அதில் ஓடித்தான் 43.03 நொடி உலக சாதனை படைத்தார்.

கே: ஏன் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுகிறார்கள்? — காரைக்குடி

ப: எப்போதும் இல்லை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வலப்பக்கமாகச் சுற்றினார்கள். இதயம் இடப்பக்கம் இருக்கிறது, வலது கால் பலம், பூமி சுழல்கிறது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எதையும் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். எல்லாரும் ஒரே பக்கம் சுற்றினால் மோதிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

கே: பாரிஸ் 100 மீட்டரில் காலை முதலில் கோட்டுக்கு அப்பால் வைத்தவர் தோற்றுவிட்டாரே! — புதுச்சேரி

ப: கால், கை, தலை மூன்றுமே கணக்கில் இல்லை. மார்பும் வயிறும் அடங்கிய உடம்பு எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. ஜமைக்காவின் கிஷேன் தாம்சனின் பாதம் முன்னால் இருந்தது, அமெரிக்காவின் நோவா லைல்ஸின் மார்பு முன்னால் இருந்தது. லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. மூக்கு நீளமானவர்களுக்கும் சலுகை கிடையாது.

கே: தடை ஓட்டத்தில் தடையைத் தட்டிவிட்டால் அவுட்தானே? — கோவில்பட்டி

ப: இல்லை. பத்துத் தடையையும் தட்டித் தள்ளிவிட்டுப் போய்த் தங்கம் வாங்கலாம். வேண்டுமென்றே கையால் தள்ளக் கூடாது, பக்கவாட்டில் காலை விட்டுக் கடக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தட்டும் வேகத்தைத் தின்னும், தண்டனை அதிலேயே வந்துவிடுகிறது. ஆண்களுக்கு 110 மீட்டர், தடை 1.067 மீட்டர் உயரம். பெண்களுக்கு 100 மீட்டர். இருபாலருக்கும் 400 மீட்டரும் உண்டு.

400 மீட்டர் தடை ஓட்டம் என்றால் நம் நாட்டில் ஒரு எண்தான் நினைவுக்கு வரும்: 55.42. 1984 லாஸ் ஏஞ்சலஸ், பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி நடந்ததே அதுதான் முதல் தடவை. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் தங்கம் வாங்கினார். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கொஜோகாரு 55.41. நம் பி.டி. உஷா 55.42. மார்பை முன்னால் தள்ளாமல் விட்டார் என்று நாற்பது வருடமாகத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறோம். அவருக்கு அந்தப் போட்டியே புதிது, அதைச் சொல்ல மாட்டோம். அந்த இந்திய சாதனை 39 ஆண்டு அசையாமல் இருந்தது. 2023ல் ஹாங்சோ ஆசியப் போட்டியின் தகுதிச்சுற்றில் கோவையின் வித்யா ராம்ராஜ் ஓடிய நேரம் என்ன தெரியுமா? அதே 55.42. ஒரு சினிமாவில் வைத்திருந்தால் நம்ப மாட்டீர்கள். மறுநாள் இறுதிச்சுற்றில் 55.68ல் வெண்கலம் வாங்கினார்.

கே: ஸ்டீபிள்சேஸில் எதற்குத் தண்ணீர்க் குழி? நல்லா ஓடுகிறவர்களை ஏன் நனைக்கிறார்கள்? — வேலூர்

ப: இது குதிரைகளிடமிருந்து வந்தது. வயலில் வேலியும் ஓடையும் தாண்டி, தூரத்தில் தெரியும் தேவாலயக் கோபுரத்தை இலக்காக வைத்து ஓட்டிய குதிரைப் பந்தயத்தை மனிதர்கள் காலால் ஓட ஆரம்பித்தார்கள். 3000 மீட்டரில் 28 தடை, 7 தடவை தண்ணீர். இந்தத் தடைகள் கனமான மரக்கட்டை, இடித்தால் நீங்கள்தான் விழ வேண்டும். அதனால் மேலே கால் வைத்து ஏறியும் போகலாம். நனைந்த ஷூ அடுத்த சுற்றிலும் கூடவே வரும். காமன்வெல்த் போட்டியில் 1998 முதல் 2018 வரை ஆண்களுக்கான மூன்று பதக்கத்தையும் கென்யாக்காரர்களே அள்ளினார்கள். 2022 பர்மிங்காமில் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்காரர் அவினாஷ் சாப்ளே நடுவில் புகுந்து வெள்ளி வாங்கினார். தங்கத்துக்கும் அவருக்கும் இடையில் 0.05 நொடி.

கே: நடைப் போட்டிக்காரர்கள் ஏன் இடுப்பை அப்படி ஆட்டுகிறார்கள்? மாமியார் டிவியை அணைக்கச் சொல்கிறார். — கும்பகோணம்

ப: முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன் மேல் நேராக வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முழங்கால் வேலைநிறுத்தம் செய்தால் இடுப்புதான் ஓவர்டைம் பார்க்கும். வேடிக்கை என்னவென்றால், கால் தரையில் இருக்கிறதா என்று நடுவர்கள் வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டும், கேமரா கூடாது. மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டைக்கு எழுதினால் ஓரமாக நின்று தண்டனை நேரத்தைக் கழிக்க வேண்டும், நாலாவது வந்தால் வீட்டுக்கு. முன்னணி ஆண்கள் 20 கிலோமீட்டரை 1 மணி 20 நிமிடத்துக்குள் நடந்து முடிக்கிறார்கள். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம். மாமியாரிடம் சொல்லுங்கள், அவர் மகன் ஓடினாலும் இவர்களைப் பிடிக்க முடியாது.

கே: மாரத்தானில் யாருக்கும் தெரியாமல் ஆட்டோ பிடித்துவிட்டால்? — சென்னை 

ப: ஆட்டோ இல்லாத காலத்திலேயே கார் பிடித்துவிட்டார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஃபிரெட் லோர்ஸ் பாதியில் களைத்துப்போய்க் காரில் ஏறி, கடைசியில் இறங்கி ஓடி முதலாவதாக மைதானத்துக்குள் வந்தார். சற்று நேரத்தில் குட்டு உடைந்தது, பட்டம் போயிற்று. மறு ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சொந்தக் காலாலேயே ஓடி ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு ஷூவிலோ நெஞ்சில் குத்தும் எண்ணிலோ சிப் இருக்கிறது. 42.195 கிலோமீட்டரில் எங்கே காணாமல் போனீர்கள் என்று அது சொல்லிவிடும்.

கே: நீளம் தாண்டுவதில் ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி குட்டிக்கரணம் அடித்து விழுந்தால் தூரம் கூடுமா? — தேனி

ப: உங்கள் மூளைக்கு ஒரு சபாஷ். 1970களில் சிலர் நிஜமாகவே அடித்தார்கள். கழுத்து முறிந்துவிடும் என்று தடை போட்டுவிட்டார்கள். இப்போதுள்ள விதி எளிது. 20 செ.மீ. அகலப் பலகையின் முன்விளிம்பை ஷூ தாண்டக் கூடாது. பலகைக்கு அரையடி முன்பே எம்பினாலும் அளப்பது அந்த விளிம்பிலிருந்துதான், அரையடி தர்மம். மணலில் பின்னால் கை ஊன்றினால் கைத்தடத்திலிருந்துதான் அளப்பார்கள். மைக் பவல் 1991ல் டோக்கியோவில் தாண்டிய 8.95 மீட்டர் இன்னும் நிற்கிறது. 2023ல் தூத்துக்குடி மாவட்டத்தின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 தாண்டி இந்திய சாதனை வைத்தார்.

கே: டிரிபிள் ஜம்ப் பார்த்தால் நொண்டி விளையாட்டு மாதிரி இருக்கிறதே? — ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருவாரூர்

ப: முதல் பாகம் நொண்டிதான்! எம்பிய காலிலேயே இறங்க வேண்டும். இரண்டாவது, மற்ற காலில் ஒரு நீண்ட எட்டு. மூன்றாவதுதான் மணலுக்குள் தாவல். பெரிய போட்டிகளில் ஆண்களுக்குப் பலகைக்கும் மணலுக்கும் நடுவிலேயே 13 மீட்டர் விடுவார்கள், முதல் இரண்டையும் ஒழுங்காகப் போடாதவர் மணலுக்கே போய்ச் சேர மாட்டார். ஒவ்வொரு முறையும் உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்கும், அதனால் என் பார்வையில் தாண்டும் போட்டிகளிலேயே கொடூரமானது இது. பிரிட்டனின் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1995ல் 18.29 தாண்டினார். நம் பிரவீன் சித்திரவேல் 2023ல் கியூபாவின் ஹவானாவில் 17.37.

கே: காற்று பின்னால் தள்ளினால் சாதனை செல்லாதாமே? — ராமநாதபுரம்

ப: 100, 200, நேர்கோட்டுத் தடை ஓட்டங்கள், நீளம், டிரிபிள் ஜம்ப் ஆகியவற்றில் முதுகுப்பக்கக் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் பதக்கம் உண்டு, சாதனை கிடையாது. எறிகிற போட்டிகளுக்கு இந்தக் கட்டுப்பாடே இல்லை. வட்டு எறிபவர்கள் எதிர்க்காற்றுக்காக ஏங்குவார்கள், அது வட்டைத் தூக்கிப் பிடிக்கும். லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 2025ல் 75.56 மீட்டர் எறிந்தது ஓக்லஹோமாவில் காற்றுக்குப் பேர்போன ரமோனாவில். பெண்கள் சாதனை அதைவிட அதிகம், 1988ல் காப்ரியேல ரைன்ஷ் எறிந்த 76.80. ஆண்களின் வட்டு 2 கிலோ, பெண்களுடையது 1 கிலோ.

கே: உயரம் பாய்தலில் எல்லோரும் ஏன் முதுகைக் காட்டிப் பாய்கிறார்கள்? எங்கட ஆக்கள் ஆராவது இதில் சாதித்திருக்கிறார்களா? — யாழ்ப்பாணம்

ப: 1968 மெக்சிகோ வரை குப்புறக் கவிழ்ந்தோ கத்தரி போலக் கால் வீசியோதான் தாண்டினார்கள். டிக் ஃபோஸ்பரி என்ற அமெரிக்கப் பொறியியல் மாணவர் முதுகைக் கம்பிக்குக் காட்டிப் போய் 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். முதுகை வில்லாக வளைத்தால் உடம்பின் எடை மையம் கம்பிக்குக் கீழேயே போகும், ஆள் மேலே போவார். மணலில் விழுந்த காலத்தில் இப்படிச் செய்திருந்தால் ஆஸ்பத்திரிதான். நுரை மெத்தை வந்த பிறகுதான் முதுகுக்குத் துணிச்சல் வந்தது.

உங்கட ஆள் அந்த மெத்தைக் காலத்துக்கும் முந்தியவர். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீட்டர் பாய்ந்து தங்கம் வாங்கினார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான். 1952, 1956 ஒலிம்பிக்குகளிலும் பாய்ந்தவர். இந்தப் பக்கம் சேலம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக்கில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்றையும் வரிசையாக வைத்திருக்கிறார்.

கே: போல்வால்ட் வீரர் டுப்லான்டிஸ் ஏன் ஒவ்வொரு சென்டிமீட்டராகச் சாதனையை ஏற்றுகிறார்? ஒரே தாவாகத் தாவக் கூடாதா? — ஈரோடு வியாபாரி

ப: வியாபாரி நீங்களே இதைக் கேட்கலாமா? சாதனை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பரிசுத்தொகை. 2020ல் 6.17 மீட்டரில் ஆரம்பித்து 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 வரை, பதினாலு தவணை வசூல். இந்த வித்தையில் முன்னோடி செர்கெய் புப்கா, உள்ளரங்கமும் வெளியரங்கமும் சேர்த்து 35 சாதனை. போல்வால்ட்டில் அதிசயம், கோல் எந்தப் பொருளில் எத்தனை நீளத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். 1942ல் வார்மர்டாம் மூங்கில் கோலோடு 4.77 தாண்டினார். ஆனால் கூடாத ஒன்று உண்டு: காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகு, கீழ்க்கையை மேல்கைக்கு மேலே மாற்றிப் பிடித்துக் கோலில் ஏறக் கூடாது. தென்னை ஏறுகிறவர்கள் மன்னிக்கவும்.

கே: ஈட்டி எறிதலில் பழைய சாதனை 104 மீட்டராம். நீரஜ் சோப்ரா 90ஐத் தொடவே இத்தனை பாடா? — மதுரை

ப: ஈட்டி மாறிவிட்டது. 1984ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 எறிந்தபோது, இன்னும் கொஞ்சம் போனால் எதிர்முனையில் இருப்பவர்களின் தலை தப்பாது என்ற பயம் வந்தது. தவிர, ஈட்டி பல சமயம் படுத்தவாக்கில் இறங்கி, முனை குத்தியதா இல்லையா என்று சண்டை. 1986ல் ஆண்களின் ஈட்டியில் எடை மையத்தை 4 செ.மீ. முன்னால் தள்ளினார்கள். மூக்கு சீக்கிரம் கவிழும், தூரம் குறையும். சாதனைக் கணக்கும் முதலிலிருந்து. புதிய ஈட்டியில் செக் நாட்டின் யான் ஜெலெஸ்னி 1996ல் எறிந்த 98.48தான் உச்சம். பாரிஸில் நீரஜ் 89.45, பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97.

நீரஜுக்கு ஒரு காலத்தில் பயிற்சி தந்தவர் அந்த ஹோன். 2025ல் பயிற்சி தந்தவர் இந்த ஜெலெஸ்னி. அந்த ஆண்டு தோஹாவில்தான் முதல்முறையாக 90.23 எறிந்தார். பழைய ஈட்டி, புதிய ஈட்டி இரண்டின் சாதனைக்காரரிடமும் பாடம் கேட்டவர் என்ற பெருமை வேறு யாருக்கு?

ஈட்டியில் இன்னொரு கூத்தும் உண்டு: 1956ல் ஸ்பெயின்காரர்கள் வட்டு எறிவது போலச் சுழன்று ஈட்டியை விட்டுப் பார்த்தார்கள். தூரம் பிரமாதம், திசைதான் ஈட்டியின் இஷ்டம். உடனே தடை.

கே: சங்கிலிக் குண்டு எறிபவரை ஏன் கூண்டுக்குள் விடுகிறார்கள்? — தர்மபுரி

ப: கம்பியின் நுனியில் 7.26 கிலோ. கூண்டு அவருக்கல்ல, நமக்கு.

கே: ஓடவும் தெரியும், தாண்டவும் தெரியும், எதிலும் முதலிடம் வராது. இப்படிப்பட்டவனுக்கு என்ன வழி? — திண்டுக்கல்

ப: டெகாத்லான். முதல் நாள் 100, நீளம், குண்டு, உயரம், 400. மறுநாள் 110 தடை, வட்டு, போல்வால்ட், ஈட்டி, கடைசியில் நாக்குத் தள்ள 1500. பெண்களுக்கு ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டாத்லான். யாரை முந்தினீர்கள் என்பதற்கு மார்க் கிடையாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதற்கு அட்டவணைப்படி புள்ளி. டெல்லியில் வளர்ந்த தமிழர் தேஜஸ்வின் சங்கர் 2022 காமன்வெல்த்தில் உயரம் தாண்டி வெண்கலம் வாங்கியவர், மறு ஆண்டு ஹாங்சோவில் டெகாத்லானில் 7666 புள்ளியோடு வெள்ளி வாங்கினார். ஆனால் உங்களிடம் ஒரு திருத்தம்: இவர்கள் ‘எதிலும் முதலிடம் வராதவர்கள்’ இல்லை. எதிலும் கடைசியாக வர முடியாதவர்கள்.

கே: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளை இதில் எந்தப் போட்டியில் சேர்க்கலாம்? — கரூர்

ப: இப்போதைக்கு எல்லாவற்றிலும். நீரஜ் உடம்பைக் குறைக்கத்தான் மைதானத்துக்குப் போனார், அங்கே ஈட்டியைப் பார்த்தார். போல்ட் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர். உயரமாக இருக்கிறாள் என்று இன்றே உயரம் தாண்டுவதில் கட்டிப்போட வேண்டாம். ஒரு காரியம் மட்டும் நீங்கள் செய்யுங்கள்: பள்ளியின் மணல் குழியைப் போய்ப் பாருங்கள். மண்வெட்டியால் கிளறி, கல்லும் கண்ணாடியும் பொறுக்கியிருக்கிறார்களா, இல்லை மழையில் இறுகிச் சிமெண்ட் தரையாகிக் கிடக்கிறதா? இரண்டாவதாக இருந்தால் பி.டி. மாஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.